வழக்கு முடியட்டும் எண்டு பிள்ளையின் இடத்தைத் தள்ளிப் போடாதேங்கோ

(மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில், புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கான தகவல் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

பின்னுக்கு நிற்கிற தம்பி, உள்ளுக்கு வாங்கோ, கதிரை இருக்கு. பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, வெளியில கொண்டு போக வேண்டாம். இண்டைக்குக் கதைக்கப் போறதே பிள்ளையளைப் பற்றித்தானே.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இங்கே வந்தது 2005 இல். மகனுக்கு அப்போது இரண்டு வயது. அகதிக் கோரிக்கை கொடுத்தோம், வேலை அனுமதிப் பத்திரமும் வந்தது. கணவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனார். தெரிந்த ஒரு அக்கா, "தங்கச்சி, பிள்ளையைக் கார்டெரியில பதிஞ்சு விடு" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. "கேஸ் முடியட்டும் அக்கா, பிறகு பாப்பம்" என்றேன். இருக்க விடுவார்களா, அனுப்புவார்களா என்று தெரியாத நேரத்தில் இதுக்கெல்லாம் என்ன அவசரம் என்று நினைத்தேன்.

வழக்கு முடிய இரண்டரை வருடத்துக்கு மேல் போனது. அவ்வளவு காலமும் நானும் மகனும் நிலக்கீழ் அறை ஒன்றில் இருந்தோம். மாரிகாலத்தில் ஐந்து மாதம் ஜன்னலில் ஸ்நோவைத்தான் பார்த்தோம். பிள்ளையை விட இடம் இல்லாததால் பிரெஞ்சு வகுப்புக்கும் நான் போகவில்லை. பிறகு அவனுக்கு ஐந்து வயதாகி, பாடசாலையில் மத்தேர்னெல் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் நனைந்த காற்சட்டையோடு வீட்டுக்கு வந்தான். ஆசிரியை அன்பானவர், ஒன்றும் ஏசவில்லை. பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அம்மா, ஒண்டுக்கு வருது எண்டு அவையின்ர பாஷையில எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கும் தெரியாது.

எங்களை ஒருவரும் மறுக்கவில்லை. நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு உங்களுக்கு முன்னால் நின்று சொல்கிறேன்: வழக்கு தன் பாட்டுக்குப் போகும், பிள்ளையின் வயதும் தன் பாட்டுக்குப் போகும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க முடியாது.

என்னென்ன இடங்கள் இருக்கின்றன?

ஊரில் எங்களுக்கு அம்மம்மா இருந்தா, பெரியம்மா இருந்தா, வேலிக்கு அங்கால மாமி இருந்தா. மூன்று வயதுக்குப் பிறகு நேசறி. இங்கே அந்த வேலை முழுவதையும் செய்வது பிள்ளை பராமரிப்பு நிலையங்கள். எல்லாவற்றையும் நாங்கள் பொதுவாகக் "கார்டெரி" என்கிறோம். ஆனால் அதில் நான்கு வகை உண்டு. கட்டணம் வித்தியாசம் என்பதால் வகையைத் தெரிந்து கொள்வது முக்கியம்.

முதலாவது சி.பி.ஈ. இது இலாப நோக்கம் இல்லாத நிலையம். இதை நடத்தும் சபையில் பெரும்பான்மையோர் அங்கே பிள்ளைகளை விடும் பெற்றோர்களே. இரண்டாவது, அரச மானியம் பெறும் தனியார் கார்டெரி. மூன்றாவது, வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பப் பராமரிப்பு. இதற்கு அங்கீகாரம் கொடுப்பது "பியூரோ கோர்தொனத்தர்" எனப்படும் ஒருங்கிணைப்புப் பணியகம். நான்காவது, மானியம் இல்லாத தனியார் கார்டெரி.

மானியம் உள்ள இடத்தில் 2025 ஆம் ஆண்டில் ஒரு நாள் கட்டணம் 9 டொலர் 35 சதம். ஒவ்வொரு தை மாதமும் இது சிறிது கூடும். இந்தக் காசுக்குள் நாளுக்குப் பத்து மணித்தியாலம் வரை பராமரிப்பு, ஒரு நேரச் சாப்பாடு, இரண்டு தரம் சிற்றுண்டி எல்லாம் அடங்கும். மானியம் இல்லாத இடத்தில் ஒரு நாளுக்கு 40, 50 டொலர், அதற்கு மேலும் கேட்பார்கள். மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய், உழைக்கிறதைக் கொண்டு போய்க் கார்டெரியில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

இந்த மலிவான கட்டணம் கியூபெக்கில் 1997 இல் தொடங்கியது. அப்போது ஒரு நாளுக்கு 5 டொலர். அமைச்சராக இருந்த போலின் மறுவா அம்மையார் கொண்டுவந்த குடும்பக் கொள்கையின் ஒரு பகுதி அது. தாய்மார் வேலைக்குப் போகவேண்டும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரியான தொடக்கத்தைப் பெறவேண்டும் என்பதே நோக்கம். அதாவது இது ஏழைகளுக்குப் போடும் பிச்சை இல்லை. இங்குள்ள டொக்டரின் பிள்ளையும் அதே கட்டணத்தில்தான் போகிறது. கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தகுதி இல்லை" என்று சொன்னால்?

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ. 2018 ஏப்ரலுக்கு முன்னர், வேலை அனுமதிப் பத்திரம் வைத்திருந்த அகதிக் கோரிக்கையாளர் பலருக்கு மானிய இடம் கிடைத்தது. அந்த மாதம் கியூபெக் குடும்ப அமைச்சு விதியை வேறு விதமாக விளங்கப்படுத்தியது. கோரிக்கையாளர்கள் கியூபெக்கில் இருப்பது முதன்மையாக வேலைக்காக அல்ல, ஆகவே குறைந்த கட்டணம் அவர்களுக்கு இல்லை, கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் என்றது.

அதே வருடம் ஒக்டோபரில், கொங்கோ நாட்டிலிருந்து ஒரு தாய் மூன்று சிறு பிள்ளைகளுடன் றொக்ஸம் வீதியால் இந்த நாட்டுக்குள் வந்தார். வேலை அனுமதி கிடைத்தது. ஆனால் கார்டெரிகள் பிள்ளைகளை எடுக்கவில்லை. அவர் நீதிமன்றம் போனார். கன்யிண்டா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2022 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரசு மேன்முறையீடு செய்தது. 2024 பெப்ரவரி 7 ஆம் திகதி கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பிள்ளை பார்க்க இடம் இல்லாவிட்டால் வேலையை விட்டு வீட்டில் நிற்பது பெரும்பாலும் தாய்தான், ஆகவே இந்த விலக்கல் பெண்களுக்குப் பாரபட்சமானது, வேலை அனுமதிப் பத்திரம் உள்ள அகதிக் கோரிக்கையாளரையும் விதிக்குள் சேர்த்தே வாசிக்கவேண்டும் என்றது நீதிமன்றம். கியூபெக் அரசு கனடா உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 2025 மே மாதம் ஒட்டாவாவில் அந்த மேன்முறையீடு விசாரிக்கப்பட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, நீதிமன்றத்தோடு மாறுகிற விஷயம் இது. பக்கத்து வீட்டு அண்ணா போன வருடம் சொன்னதையோ நான் இன்றைக்குச் சொல்வதையோ மட்டும் வைத்து முடிவு எடுக்காதேங்கோ. பிள்ளையைப் பதிகிற நாளில் விதி எப்படி இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்திலோ உங்கள் லோயரிடமோ கேளுங்கோ. இரண்டாவது, கார்டெரியில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினையாதேங்கோ. ஒருவர் உங்கள் மண்ணிறப் பேப்பரைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று தலையாட்டினால், அது அவருடைய அபிப்பிராயமாக மட்டும் இருக்கலாம். சண்டை பிடிக்க வேண்டாம். மரியாதையாக, "பார் எக்ரி, சில் வூ ப்ளே" என்று சொல்லுங்கோ. "எழுத்தில் தாருங்கள்" என்று அர்த்தம். வாயால் சொன்ன "இல்லை"யை வைத்துக்கொண்டு ஒரு லோயராலும் ஒன்றும் செய்ய ஏலாது. எழுத்தில் இருந்தால் அதோடு எங்களிடம் வாங்கோ.

எங்களுக்கு முன்னம் வந்தவர்களில் யாரோ ஒருவர் கேட்டதால்தான் எங்களுக்கு இன்று பல உரிமைகள் இருக்கின்றன. அகதி கோருபவரை நேரில் விசாரிக்காமல் கடதாசியைப் பார்த்து மட்டும் மறுத்துவிட முடியாது என்று 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சொன்னது. சிங் வழக்கு. அதைக் கேட்டுப் போராடியவர்களில் பெரும்பாலானோர் சீக்கியர்கள். அதன் பலனை இன்று விசாரணை அறையில் இருந்து வாய் திறக்கும் ஒவ்வொரு தமிழரும் அனுபவிக்கிறோம்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை

ஒன்று. வேலை அனுமதிப் பத்திரம். நீங்கள் உடனே வேலைக்குப் போகப் போவதில்லை என்றாலும் அதற்கு விண்ணப்பியுங்கோ. அகதிக் கோரிக்கையாளருக்கு அதற்குக் கட்டணம் இல்லை. குடிவரவு மருத்துவப் பரிசோதனை முடித்திருக்க வேண்டும். கணவருக்கு வந்தால் போதும் என்று மனைவி சும்மா இருக்க வேண்டாம், இருவரும் எடுங்கோ. அதில் முடிவுத் திகதி இருக்கும். முடிவதற்கு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பித்து, விண்ணப்பித்த அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கோ.

இரண்டு. அரசின் இணையப் பதிவுத்தளத்தில் பிள்ளையின் பெயரைப் பதியுங்கோ. முன்பு "லா ப்ளாஸ் 0-5" என்று இருந்தது, இப்போது குடும்ப அமைச்சின் தளமாக மாறியிருக்கிறது. பதிய ஒரு சதமும் தேவையில்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதேங்கோ. ஒரு நிலையத்தை மட்டும் தெரிவு செய்யாமல், வீட்டுக்குக் கிட்ட, வேலைக்குக் கிட்ட, மெற்றோ ஸ்டேஷனுக்குக் கிட்ட என்று பல இடங்களைப் போடுங்கோ. வரிசை நீளம், மாதக்கணக்கிலும் போகும், வருடக்கணக்கிலும் போகும். அதனால்தான் இன்றைக்கே பதியச் சொல்கிறேன்.

மூன்று. வீடு மாறினால், ரெலிபோன் நம்பர் மாறினால் அன்றே தளத்தில் மாற்றுங்கோ. வந்த புதிதில் நாங்கள் மூன்று நான்கு வீடு மாறுவோம், சிம் காட்டும் மாற்றுவோம். இடம் வந்து பழைய நம்பருக்கு அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு எங்களிடம் வந்து கவலைப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். பிரெஞ்சில் யாரோ கதைக்கிறார்கள் என்று போனை வைத்துவிடாதேங்கோ.

நான்கு. ஒரு கோவை வைத்துக்கொள்ளுங்கோ. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, கோரிக்கையாளர் பத்திரம், வேலை அனுமதி, வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி, தடுப்பூசி அட்டை. கடவுச்சீட்டின் மூலப்பிரதி குடிவரவு அதிகாரிகளிடம் இருந்தால் அவர்கள் தந்த பிரதியை வையுங்கோ. ஊர்த் தடுப்பூசி அட்டையை உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.யில் காட்டினால் இங்குள்ள அட்டவணைப்படி பார்த்துச் சொல்வார்கள்.

ஐந்து. நீங்கள் சோசல் உதவி எடுப்பவராக இருந்தால் இன்னொரு விஷயம். குறைந்த கட்டணத்துக்குத் தகுதி உள்ள பெற்றோர் சோசல் எடுக்கும்போது, கிழமைக்கு இரண்டரை நாள் வரை கட்டணமே இல்லாமல் பிள்ளையை விடலாம். இதை நீங்களாகக் கேட்டுத்தான் பெறவேண்டும்.

இடம் கிடைக்கும் வரை

"அல்த்-கார்டெரி" என்று ஒரு வசதி இருக்கிறது. சமூக நிலையங்களில் சில மணித்தியாலத்துக்குப் பிள்ளையை விடலாம். சிலது இலவசம், சிலது சில டொலர். பிரெஞ்சு வகுப்பு நடக்கும் கட்டிடத்திலேயே அடுத்த அறையில் பிள்ளைகளைப் பார்க்கும் இடங்களும் உண்டு. வகுப்பில் சேரும்போதே "பிள்ளை இருக்கு, அல்த்-கார்டெரி இருக்கா?" என்று கேளுங்கோ. 211 என்ற நம்பருக்கு அழைத்தால் உங்கள் பகுதியில் எந்த நிலையத்தில் இந்த வசதி இருக்கிறது என்று சொல்வார்கள்.

செப்டெம்பர் 30 ஆம் திகதிக்குள் நான்கு வயது நிறைந்த பிள்ளை என்றால், நான்கு வயது மத்தேர்னெல் உள்ள பாடசாலையில் கேளுங்கோ. பாடசாலை இலவசம். 2017 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, பெற்றோரின் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் பிள்ளைக்கு இலவசக் கல்வி உண்டு. உங்கள் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லவேணும். எங்கள் ஆட்களுக்குள்ளேயே "பிள்ளையளைப் பாக்கிறன், காசு தாங்கோ" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. நல்ல மனம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கோ. அங்கீகாரம் உள்ள வீட்டில் ஒருவர் தனியாக ஆகக் கூடியது ஆறு பிள்ளைகளைத்தான் பார்க்கலாம், உதவியாளர் இருந்தால் ஒன்பது. அந்த ஆறு பேரிலும் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ரீவிக்கு முன்னால் இருப்பதைக் கண்டால், எவ்வளவு மலிவு என்றாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வாங்கோ. நிலையங்களிலும் கணக்கு உண்டு: பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த ஐந்து பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், அதற்கு மேல் நான்கு வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர். போய்ப் பார்க்கும்போது எண்ணிப் பாருங்கோ, அதில் பிழை இல்லை.

"அரை மணித்தியாலம்தானே" என்று சின்னப் பிள்ளையை வீட்டில் தனியே விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதேங்கோ. கணவர் வர முன்னம் மனைவி பஸ் பிடிக்க வேண்டிய நிலை எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. நடக்காவிட்டாலும், அயலவர் அறிவித்தால் இளையோர் பாதுகாப்புத் திணைக்களம் கதவைத் தட்டும். அப்படியான நெருக்கடி வந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்லுங்கோ.

பிள்ளையை விடுகிற முதல் கிழமை

பிள்ளை அழும். நீங்களும் அழுவீங்கள். எங்களில் சிலருக்கு அது சாதாரண அழுகை இல்லை. செக்பொயின்ரிலும் முகாமிலும் பிரிந்த நினைவு உள்ளவர்களுக்குப் பிள்ளையின் கையை விடுவது வேறு ஒரு பயத்தைக் கிளப்பும். பராமரிப்பாளரிடம் அதைச் சொல்லலாம், வெட்கம் இல்லை. முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று மெதுவாகப் பழக்கக் கேளுங்கோ. சொல்லாமல் ஒளித்துப் போகாதேங்கோ. "அம்மா போட்டு வாறன், சாப்பிட்ட பிறகு வருவன்" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கே போங்கோ.

மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாத வீடு என்றால், ஒவ்வாமை ஏதும் இருந்தால் முதல் நாளே எழுதிக் கொடுங்கோ. மாரிகாலத்திலும் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவார்கள். தடிமன் பிடிக்கும் என்று சண்டை போட வேண்டாம், ஸ்நோ சூட்டும் பூட்ஸும் கையுறையும் போட்டு அனுப்புங்கோ. பழைய உடுப்புகள் எங்கள் அலுவலகத்திலும் இருக்கும்.

பிள்ளை சொல்லும் தமிழ்ச் சொற்களில் ஒரு பத்தை, பிரெஞ்சு எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதிப் பராமரிப்பாளரிடம் கொடுங்கோ. தண்ணி, சோறு, நித்திரை, நோகுது, அம்மா, ஒண்டுக்கு. எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருவோம். பிள்ளைக்குத் தமிழ் மறந்து போகும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் நீங்கள் தமிழில் கதைக்கும் வரை அது எங்கேயும் போகாது. பிரெஞ்சை அவர்கள் படிப்பிக்கட்டும், தமிழை நாங்கள் படிப்பிப்போம்.

கோரிக்கை ஏற்கப்பட்ட நாள் வந்தால், அந்தத் தீர்ப்புக் கடிதத்தோடு நேரே எங்களிடம் வாங்கோ. கியூபெக் தெரிவுச் சான்றிதழ், மத்திய அரசின் பிள்ளைக் கொடுப்பனவு, கியூபெக் குடும்பக் கொடுப்பனவு எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் இடத்துக்கான வரிசையில் அதற்கு முன்னமே நின்றிருக்க வேண்டும்.

என்ர மகன் இப்போது வளர்ந்துவிட்டான், என்னை விட நல்ல பிரெஞ்சு. நான் பிந்தித்தான் படித்தேன். அவன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே ஒரு சொல்: "பிப்பி". இங்குள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் சொல்வது அதுதான். அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று வருடம் போனது. உங்களுக்கு அவ்வளவு காலம் போகத் தேவையில்லை.

அந்த மூலை மேசையில் கொம்பியூட்டர் இருக்கு. இரண்டு பிள்ளையள் உதவிக்கு இருக்கினம். தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வரிசையில வாங்கோ, இண்டைக்கே பதிஞ்சு போட்டுப் போகலாம்.